சீப்புச் சின்னத்துக்கு விழுந்த ஓட்டு

அதென்னம்மா, கடைசியில "மற்றவை"ன்னு ஒரு கட்டம்? பெரிய கட்சிக்கெல்லாம் பேரு, சின்னம், கலரு எல்லாம் போட்டிருக்க. எங்களுக்கு மட்டும் மற்றவையா? பந்தி முடிஞ்சப்புறம் "இன்னும் யாராச்சும் சாப்பிடாம இருக்கீங்களா"ன்னு கேட்டுக்கிட்டு வருவாங்கல்ல, அந்த மாதிரில்ல இருக்கு. சரி, உன்னையச் சொல்லி என்ன செய்ய, காலேஜ் பிள்ளை, கணக்கெடுக்க அனுப்பிச்சான், வந்திருக்க. உக்காரு. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்க. மேல இருக்குற மோட்டாரக் கீழ எறக்கி வையி, ஒண்ணும் ஆகாது, ஏற்கெனவே எரிஞ்ச மோட்டாருதான். நான் காயில் கட்டுற ஆளு. மிக்ஸி, கிரைண்டரு, தண்ணி மோட்டாரு, இந்த ஊருல எது எரிஞ்சாலும் சோணைமுத்துகிட்டதான் வரும்.

மூக்கப் பொத்திக்கணுமா? பொத்திக்க, பொத்திக்க. தப்பா நினைக்க மாட்டேன். புதுசா வர்றவுங்க எல்லாரும் அதத்தான் செய்வாங்க. பின்னாடி பேரூராட்சி குப்பை கொட்டுது. குப்பைக் கிடங்குன்னு சொல்லக் கூடாதாம், "வளம் மீட்புப் பூங்கா"ன்னு போர்டு வச்சிருக்கான். பூங்கான்னா காலையில நடக்குறதுக்கு ஆளு வரணும்ல. நாய்தான் வருது. காத்து இங்கிட்டுத் திரும்புனா இப்படி இருக்கும், அங்கிட்டுத் திரும்புனா தெரியாது. டீ போடச் சொல்லலாம்னா வீட்டுல ஆளு இல்ல. இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன், ஈ விழுந்துரும்.

அந்தக் கேள்விய இன்னொரு தடவ படி. "சிறிய கட்சிகளுக்கு வாக்களிப்பதால் தேர்தல் முடிவில் மாற்றம் ஏற்படும் என்று நினைக்கிறீர்களா?" ஆம், இல்லை, தெரியாது. இதுக்கு என்னையத் தவிர வேற யாரும் பதில் சொல்ல முடியாதும்மா. நீ இந்த ஜில்லா பூராச் சுத்துனாலும் எல்லாரும் அபிப்பிராயந்தான் சொல்லுவான். நான் ஆதாரத்தோட சொல்லுவேன். ஆம்னு போடு. ஆம்னு அழுத்தி அழுத்திப் போடு. காரணம் எழுத இடம் இருக்கா? இல்லையா? அப்பக் காதுல வாங்கிக்க.

இந்தப் பாட்டுச் சத்தமா? அது கோயில்ல போடுற ரேடியோ செட்டு. தெருக்கோடியில மாரியம்மன் கோயில் இருக்குல்ல, அங்க இன்னைக்குக் காது குத்து. யாரு வீட்டுப் பிள்ளைக்கா? என் தங்கச்சி பிள்ளைக்குத்தான். கூடப் பொறந்த தங்கச்சி. முத்துமாரின்னு பேரு. பொம்பளப் பிள்ளை, பேரு யாழினி. இவரு ஏன் வீட்டுல உக்காந்திருக்காருன்னு பாக்குறியா? அதுவும் உன் கேள்விக்குள்ளதான் வருது. அவசரப்படாத.

நான் தமிழர் மனசாட்சிக் கழகம். கேள்விப்பட்டிருக்கியா? இல்லையா? பரவாயில்ல, தலையாட்டிப் பொய் சொல்லாம இல்லைன்னியே, அதுவே மனசாட்சிதான். கட்சி ஆரம்பிச்சதுலேர்ந்து இந்த ஊருக்கு நாந்தான் செயலாளர். தலைவர், பொருளாளர் எல்லாம் இருந்தாங்க. ஒருத்தன் மருமகன் பேச்சக் கேட்டு ஆளுங்கட்சிக்குப் போனான். இன்னொருத்தன் திருப்பூருக்குப் போனான். நான் போகல. இந்த ஊருல கழகம் இருக்கான்னு யாரும் கேட்டா, அந்தா காயில் கட்டிக்கிட்டு இருக்காரு பாருன்னு என்னையக் காட்டலாம்.

போன தடவ பேரூராட்சி எலெக்சன் வந்துச்சு. எங்க வார்டு பொம்பளைக வார்டுன்னு ஒதுக்கிட்டாங்க. அப்பத்தான் இந்தப் பின்னாடி நிலத்துல குப்பை கொட்டப் போறாங்கன்னு பேச்சு. காண்ட்ராக்டர் செல்லத்துரைன்னு ஒருத்தன், பெரிய கட்சி. குப்பை அள்ளுற காண்ட்ராக்டும் அவன்தான், கொட்டுறதுக்கு இடம் காட்டுனதும் அவன்தான். அவன் பொண்டாட்டிய நிப்பாட்டுனான். அது ஜெயிச்சு உள்ள போயி ஒரு தீர்மானத்துல கையெழுத்துப் போட்டா குப்பை வந்துரும். அம்புட்டுத்தான் விசயம்.

எங்க தெருக்காரங்க கூடிப் பேசி, நம்மள்ள ஒரு பொம்பளையச் சுயேச்சையா நிப்பாட்டுவோம்னாங்க. யாரும் முன்னுக்கு வரல. என் தங்கச்சி வந்தா. கல்யாணமாகிப் பத்து வருசத்துக்கு மேல பிள்ளை இல்லாம இருந்து, ஏறாத ஆஸ்பத்திரி இல்ல, சுத்தாத மரம் இல்ல, நானே எம்புட்டுத் தடவ மதுரைக்கு வண்டியில கூட்டிப் போயிருக்கேன், அப்பத்தான் வயித்துல தங்கியிருக்கு. பெரிய வயிறு. அந்த வயித்தோட வீடு வீடா நடந்து ஓட்டுக் கேட்டா. "பொறக்கப் போற பிள்ளை இந்த நாத்தத்துலயா மூச்சு விடணும்"னு கேட்டா. பூட்டு சாவிச் சின்னம். நல்லாத்தான் பேசுனா. எங்க அப்பன் ஆத்தா போனப்புறம் நான் வளத்த பிள்ளை, பேச்சு என்னைய மாதிரி.

நீயே சொல்லும்மா, சுயேச்சைன்னா என்ன? கொள்கை உண்டா? கொடி உண்டா? குப்பை வேண்டாம்னு சொல்றது ஒரு கொள்கையா? அது ஒரு கோரிக்கை. கொள்கை வேற, கோரிக்கை வேற. நான் இதப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். யாரும் கேக்கல. அந்த நேரத்துலதான் தலைவர்கிட்டருந்து உத்தரவு வருது. கழகம் போட்டியிடாத வார்டு தமிழ்நாட்டுல இருக்கக் கூடாது, நம்ம பலத்த நாடு பாக்கணும்னு.

பொம்பளைக வார்டு. கழகத்துல பொம்பளைக்கு நான் எங்கிட்டுப் போறது? வீட்டுல இருக்காளே ஜெயக்கொடி, என் சம்சாரம். உறுப்பினர் கார்டு அவளுக்கும் போட்டு வச்சிருந்தேன், அவளுக்கே தெரியாது. "நீ நிக்கிற"ன்னேன். அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தவ, "எங்க நிக்கிறது?"ன்னா. "எலெக்சன்ல"ன்னேன். "உங்க தங்கச்சில்ல நிக்கிது"ன்னா. "தங்கச்சி வேற, தேர்தல் வேற"ன்னேன். கழுநித் தண்ணிய மாட்டுக்கு ஊத்தப் போயிட்டா. எதுத்துப் பேசாத பொம்பளை. அன்னைக்கு நான் அத சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

முத்துமாரி வந்தா. வந்து இந்தா நீ உக்காந்திருக்கியே, அங்கனதான் உக்காந்தா, வயித்தப் பிடிச்சுக்கிட்டு. "அண்ணே, அண்ணிய வாபஸ் வாங்கச் சொல்லுண்ணே. நாலு ஓட்டு அங்கிட்டுப் போனாலும் எனக்கு நட்டம்ணே"ன்னா. நான் அவளுக்குப் புரியுற மாதிரி சொன்னேன். "பாருத்தா, நீ ஜெயிக்கிறது ஒரு அஞ்சு வருசத்து விசயம். கழகம் ஜெயிக்கிறது நூறு வருசத்து விசயம். எங்க ஓட்டு என்னன்னு கணக்குல வரணும். வந்தாத்தான் நாளைக்கு அங்கீகாரம்." அவ என் மூஞ்சியவே பாத்தா. "கழகத்துல எத்தன பேருண்ணே?"ன்னு கேட்டா. கேலி பண்ணல, நெசமாவே கேட்டா. "ஆளக் கணக்கெடுத்துக் கட்சி நடத்துறதில்ல"ன்னேன். எந்திரிச்சுப் போயிட்டா.

கேக்குதா? மைக்குல கூப்பிடுறான். "குழந்தையின் தாய்மாமன் சோணைமுத்து அவர்கள் எங்கிருந்தாலும் கோயிலுக்கு வரவும்." எங்கிருந்தாலும்னா என்ன அர்த்தம்? வீட்டுல இருக்கேன்னு ஊருக்கே தெரியும். கூப்பிடட்டும். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். எங்க பக்கத்து வழக்கம் அது. மாமன் வராட்டிப் பிள்ளைக்குக் காது குத்த முடியாது, தெரியும்ல. உங்க பக்கமும் அப்படித்தானா? பாத்தியா, எல்லாப் பக்கமும் அப்படித்தான். அதனால நான் நிதானமாத்தான் இருக்கேன்.

எங்க விட்டேன்? பிரச்சாரம். எங்களுக்குச் சீப்புச் சின்னம். நான் வீட்டுக்கு ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்தேன். லஞ்சம் இல்ல, சின்னத்த மனசுல பதிய வைக்கிறதுக்கு. எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க. தலையில ஒத்த முடி இல்லாத ஆளு கூட, பேத்திக்குன்னு சொல்லி இன்னொண்ணு கேட்டு வாங்கிக்கிட்டாரு. போஸ்டர் அடிச்சேன். வேட்பாளரு ஜெயக்கொடி படம் ஓரத்துல, நடுவுல என் படம். அது ஏன்னா, அவளை இந்த ஊருல யாருக்குத் தெரியும்?

ஆனா பொம்பளைக மத்தியில அவளுக்கு அம்புட்டுச் செல்வாக்கு இருக்கும்னு நான் நினைக்கல. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நான் கொள்கைய விளக்கிட்டுப் பக்கத்துச் செவத்துல போஸ்டர் ஒட்டப் போவேன். அதுக்குள்ள இவ அந்த வீட்டுப் பொம்பளைககிட்டக் குசுகுசுன்னு பேசுவா. நான் திரும்பி வந்தா, அவுங்க இவ கையப் பிடிச்சுக்கிட்டு, "நீ சொல்லிட்டேல்ல ஜெயக்கொடி, மறக்க மாட்டோம், செஞ்சிர்றோம்"னு சொல்லுவாங்க. சிலது கண்ணு கூடக் கலங்குச்சு. என்னையக் கண்டதும் பேச்ச நிப்பாட்டிருவாங்க, ஒரு மரியாதைதான். எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. நாப்பது ஐம்பது ஓட்டு வந்துரும்னு தலைவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

எண்ணுற அன்னைக்கு நாங்க மூணு தரப்பும் உள்ள. முத்துமாரிக்கு நாக்காலி போட்டுக் கொடுத்தாங்க, நிக்க முடியல. செல்லத்துரை, அவன் பொண்டாட்டி ஒரு பக்கம். நானும் ஜெயக்கொடியும் ஒரு பக்கம். ஆபீசர் மெசினப் பாத்துப் படிக்கிறாரு. செல்லத்துரை பொண்டாட்டி, எரநூத்திப் பதினாலு. பூட்டு சாவி, எரநூத்திப் பதினாலு. அங்கன இருந்தவன் பூராம் மூச்ச நிப்பாட்டிட்டான். அப்புறம் சீப்பு. ஆபீசரு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை குனிஞ்சு பாத்தாரு. "ஒண்ணு"ன்னாரு.

ஒண்ணும்மா. ஒரு ஓட்டு.

எல்லாரும் திரும்பி எங்க ரெண்டு பேரையும் பாத்தாங்க. முத்துமாரியும் பாத்தா. ஜெயக்கொடி தலையக் குனிஞ்சுக்கிட்டா. வேட்பாளரு தனக்குத் தானே போட்டுக்கிட்டாருன்னு எவனோ சிரிச்சான். எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. வேட்பாளரு தனக்குப் போட்டுக்கிறது ஒரு ஓட்டா? அது கழகத்துக்கு விழுந்ததாகுமா? கழகத்துக்கு ஊருல ஒரு ஓட்டு கூட இல்லைன்னுல்ல ஆகிப்போகும். நான் கையத் தூக்கிட்டேன். "அது என் ஓட்டு"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். ஆபீசரு, "அதெல்லாம் ரகசியம், இங்க சொல்லக் கூடாது, கைய எறக்குங்க"ன்னாரு. எறக்கல.

அப்புறம் குலுக்கல். ரெண்டு பேரும் சமம்னா சீட்டு எழுதிப் போட்டு எடுக்குறதுதான் சட்டம். எடுத்தாங்க. செல்லத்துரை பொண்டாட்டி பேரு வந்துச்சு. அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்? சீட்டுல கைய விட்டது நானா? ஊரு பூரா என்னமோ நான்தான் முத்துமாரியத் தோக்கடிச்சேன்னு பேசுது. நான் தோக்கடிக்கல. சீட்டு தோக்கடிச்சுச்சு. இதுல ஒரு விசயத்த மட்டும் நீ எழுதிக்கணும். அந்த வார்டுல நானூத்திச் சொச்சம் பேரு ஓட்டுப் போட்டான். யாரு ஓட்டுக்கு மதிப்பு இருந்துச்சு? ஒருத்தன் ஓட்டுக்கும் இல்ல, எல்லாம் இங்கிட்டும் அங்கிட்டும் சரியாப் போச்சு. மிஞ்சுனது என் ஓட்டு ஒண்ணுதான். தேர்தலத் தீர்மானிச்சது கழகம். சின்னக் கட்சிக்குப் போடுற ஓட்டு வீணாம்ல. இப்பச் சொல்லச் சொல்லு.

அப்பத் தங்கச்சி தோத்ததுக்கு நீங்கதானே காரணம்னு கேக்குறியா? அதான் சீட்டுன்னு சொன்னேன்ல. காலேஜ்ல படிக்கிற பிள்ளை, ஒரு தடவ சொன்னாப் புரிஞ்சுக்கணும்.

வீட்டுக்கு நடந்து வர்றப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு. விழுந்தது ஒண்ணு. அது என்னுது. அப்ப வேட்பாளரு ஓட்டு எங்க? நடுத்தெருவுல நின்னு கேட்டேன். "நீ யாருக்குடி போட்ட?" அவ நிக்காம நடந்துக்கிட்டே சொன்னா, "நாத்தனாருக்குப் போட்டேன். வயித்துப் பிள்ளைக்காரி." எப்படி இருக்கும் எனக்கு? எதிரி போடலன்னா சரி. தெருக்காரன் சீப்ப வாங்கிக்கிட்டு ஏமாத்துனான்னா சரி. வேட்பாளரே கழகத்துக்குத் துரோகம் பண்ணுனா? அன்னைக்கே அவளை அடிப்படை உறுப்பினர் பொறுப்புலேர்ந்து நீக்கிட்டேன். அடுப்படியில வச்சு அறிவிச்சேன். "சரி. சோறு ஆக்குற பொறுப்புலேர்ந்தும் நீக்கிட்டீங்களா, இல்ல அது இருக்கா?"ன்னு கேட்டா. அதுக்கு நான் பதில் சொல்லல. இருக்குன்னுதான் அர்த்தம்.

தலைவருக்குப் போன் போட்டு, "தலைவரே, வெற்றி தோல்வியத் தீர்மானிச்சது நம்மதான்"னேன். "ரொம்ப மகிழ்ச்சி, எந்த ஊரு?"ன்னு கேட்டாரு. ஆயிரம் வேலை இருக்குறவரு, ஊரெல்லாம் ஞாபகம் வச்சுக்க முடியுமா?

முத்துமாரிக்குப் பிள்ளை பொறந்துச்சு. எனக்குச் சொல்லல. மிட்டாய் கொடுத்தாங்க தெருவுக்கே, இந்த வீட்டத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போயிருச்சு மிட்டாய். குப்பையும் வந்துச்சு. மொதல்ல ஒரு டிராக்டரு, அப்புறம் சுத்துப்பட்டு ஊரு குப்பையெல்லாம் இங்கதான். பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கொப்புளமா வந்துச்சுன்னு ஜெயக்கொடி சொல்லித்தான் தெரியும். அவ போவா, வருவா, தூக்குவா. நான் இந்த ஜன்னல்ல நின்னு பாப்பேன். இடுப்புல வச்சுக்கிட்டுப் போகும்போது பாத்திருக்கேன். எங்க ஆத்தா சாடை. காதெல்லாம் அப்படியே எங்க ஆத்தா காது. நான் இன்னும் தூக்கலம்மா அந்தப் பிள்ளைய.

அழுகலம்மா. ஈ.

குப்பைக்கு நான் ஒண்ணும் செய்யலைன்னு நினைக்காத. மனுக் கொடுத்திருக்கேன். வார்டு மெம்பரு, அதான் செல்லத்துரை பொண்டாட்டி, அதுகிட்டயே போயிக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டு நாக்காலி போட்டு உக்கார வச்சு, மோர் கொடுத்து, "நீங்க வேற ஆளா அண்ணே, உங்களாலதானே நான் இங்க இருக்கேன்"னுச்சு. அந்த வீட்டுல என் ஓட்டு மதிப்பு தெரிஞ்சிருக்கு. இங்க தெரியல.

ஆங்? வர்ற சட்டசபைத் தேர்தல்ல யாருக்கு? அதான் மற்றவையில போடாதன்னு ஆரம்பத்துலயே சொன்னேன். கழகம் இந்தத் தடவ தனியா நிக்கல. தலைவர் அறிக்கை விட்டுட்டாரு. நிபந்தனையற்ற ஆதரவு. சீட்டு ஒண்ணும் கேக்கல, பெருந்தன்மை. யாருக்கு ஆதரவா? செல்லத்துரை கட்சிக்குத்தான். ஏம்மா பேனாவக் கீழ போடுற? அது மாநில அளவுல எடுத்த முடிவு. குப்பை உள்ளூர்ப் பிரச்சினை. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது. நாளைக்குக் கூட்டத்துல நானும் செல்லத்துரையும் ஒரே மேடை. சால்வை போடச் சொல்லியிருக்காங்க. போடத்தான் போறேன். நமக்குக் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல.

திரும்பவும் கூப்பிடுறான் பாரு. "தாய்மாமன் சோணைமுத்து அவர்கள் உடனடியாக வரவும், ஆசாரி காத்துக்கொண்டிருக்கிறார்." குரல் மாப்ளயோடது, தங்கச்சி புருசன், கணேசபாண்டி. காலையிலயே வந்தாரு. சட்டையெல்லாம் போட்டு, மஞ்சள் பையில வெத்தலை பாக்கு வச்சு, மொறையோடதான் வந்து அழைச்சாரு. நல்ல மனுசன். "மச்சான், நடந்தது நடந்துபோச்சு. மாரி ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. பிள்ளைய மடியில வாங்குறதுக்கு முன்னாடி, சொந்தக்காரங்க நாலு பேரு முன்ன, அந்த ஓட்டு நான் போட்டதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது பொய்யின்னு அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கூடி இருக்குறவுங்க அம்புட்டுப் பேருக்கும் தெரியும். இருந்தாலும் நீங்க சொல்லி அது கேக்கணுமாம். அம்புட்டுத்தான் மச்சான்"ன்னாரு.

ஜெயக்கொடியும் சொன்னா. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, சீர்த்தட்டத் தூக்கித் தலையில வைக்கப் போனவ நின்னு சொன்னா. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா வந்து உக்காருங்க. நான் சொல்லிர்றேன், எனக்கு நானே போட்டுக்கிட்டேன்னு. வேட்பாளரு தனக்குப் போட்டுக்கிறது உலகத்துல இல்லாததா? என்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்." எம்புட்டுச் சுளுவாச் சொல்றா பாரு. ஏன்டி, அப்பக் கழகத்துக்கு இந்த ஊருல விழுந்த ஓட்டு எத்தன? பூஜ்யம். இம்புட்டு வருசம் நான் வெயில்ல நின்னு கொடி கட்டுனதுக்குப் பூஜ்யமா? அந்த ஒண்ண விட்டா எனக்கு என்ன இருக்குன்னேன். அவ தட்டத் தூக்கிக்கிட்டு, "பிள்ளை இருக்கு"ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டா. எங்களுக்குப் பிள்ளை இல்லம்மா. அதச் சொன்னேனா உங்கிட்ட? இல்ல. அவ யாழினியத்தான் சொன்னா.

போகாம உக்காந்திருக்கேன்னு நினைக்காத. அவுங்க வந்து கூப்பிடுவாங்க. மைக்குல கூப்பிடுறது வேற, வந்து கூப்பிடுறது வேற. தாய்மாமன் இல்லாம என்ன செய்வாங்க? ஆசாரி ஊசியக் கையில வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிப்பாரு? முத்துமாரி பிடிவாதக்காரிதான், ஆனா வழக்கத்த மீற மாட்டா. நல்ல நேரம் முடியப் போகுதுன்னா எறங்கி வருவா. அவளே வருவா. வந்து இந்த வாசல்ல நின்னு, "அண்ணே வா"ம்பா. ஓட்டப் பத்தி ஒண்ணும் கேக்காம "வா"ம்பா. அப்பப் போவேன். சட்டை கூட இஸ்திரி போட்டு வச்சிருக்கேன், அந்தா ஆணியில. வேட்டி புதுசு. பிள்ளைக்குத் தோடு எடுத்து வச்சிருக்கேன். ஜெயக்கொடிகிட்டக் கொடுத்தனுப்பல, நானே என் கையால குடுக்கணும்னு.

பாட்ட நிப்பாட்டிட்டான். என்னமோ சொல்லப் போறான். கொஞ்சம் பொறு.

"...தாய்மாமன் அவர்கள் வர இயலாத காரணத்தால்..." இயலாதாம். "...அவரது துணைவியார், குழந்தையின் அத்தை ஜெயக்கொடி அவர்கள் மடியில் குழந்தையை அமரவைத்து..."

என்ன சொல்றான்? அத்தை மடியிலயா? அதெப்படிம்மா? அப்படி ஒரு வழக்கமே கிடையாதே. மாமன் உசிரோட இருக்கும்போது எங்கயாச்சும் மாமி மடியில... ஒத்துக்குவாங்களா அங்க இருக்குறவுங்க? பெரிய ஆளுக எம்புட்டுப் பேரு இருக்காங்க, ஒருத்தராச்சும் எந்திரிச்சுக் கேக்க மாட்டாங்களா? யாரும் கேக்கலியே. குலவை போடுறாளுக. கேக்குதா உனக்கு? தெருப் பொம்பளைக பூராம் போடுறாளுக.

அழுகுது. பிள்ளை அழுகுது. மைக்குப் பக்கத்துல வச்சிருக்கான் போல. குத்திட்டாங்கம்மா.

இரு, இரு. இது ஒரு காதுதான். இன்னொரு காது இருக்கு. ஆசாரி உடனே அடுத்ததக் குத்த மாட்டாரு. பிள்ளை அடங்கணும், வாயில சீனி வைப்பாங்க, தூக்கி ஆட்டுவாங்க, விளையாட்டுக் காட்டுவாங்க. கோயிலு இந்தா இருக்கு, எட்டி நடந்தாப் போயிரலாம். அந்தச் சட்டைய எடும்மா. ரெண்டாவது காதுக்காச்சும் என் மடியில உக்காரட்டும். செருப்பு வேணாம், கோயிலுக்குத்தானே. என்ன சொல்லணும்? அந்த ஓட்டு நான் போட்டதில்ல. அம்புட்டுத்தானே, நாலு சொல்லு. சொல்லிப்புடுறேன். போற வழியில வாய்க்குப் பழக்கிக்கிறேன். அந்த ஓட்டு நான்... பொத்தானு மாட்ட மாட்டேங்குது. அந்த ஓட்டு நான்... நீ சொல்லிக் குடும்மா, படிச்ச பிள்ளை. இல்ல, நானே சொல்றேன். அந்த ஓட்டு...

அது யாரு குரல்? சிரிக்கிற மாதிரி இருக்கே, முத்துமாரியா? அவ சிரிச்சுக் கேட்டு எம்புட்டு நாளாச்சு.

திரும்ப அழுகுது.

ரெண்டும் முடிஞ்சுது.

இல்ல, பரவாயில்ல, சட்டையக் குடு, நானே மாட்டிக்கிறேன் ஆணியில. உக்காரு, நீ ஏன் நிக்கிற? உன் வேலையப் பாரு. நான் போகலன்னா காது குத்து நின்னுபோகும்னு உக்காந்திருந்தேன். நிக்கல பாரு. ஒத்த ஆளு போனா என்ன, போகாட்டி என்னம்மா.